பஸ்.லிங்க்: கட்டப் புதிரை நாமே போட்டுக் கொடுக்க ஒரு தளம்

பத்திரிகையில் வரும் சுடோகுவைத் தீர்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் ஒரு புதிரைத் தானே போட்டு, அடுத்தவர் கையில் கொடுத்து, அவர் எந்த இடத்தில் பென்சிலை நிறுத்தி யோசிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய சந்தோஷம். அந்த வேலைக்கு நான் பயன்படுத்தும் தளத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் பஸ்.லிங்க். ஆங்கிலத்தில் பி, யு, இரண்டு இசட், ஒரு புள்ளி, அப்புறம் லிங்க். முகவரி அவ்வளவுதான்.

உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். சனிக்கிழமை மதியம் கணித மன்றம். அதற்கு வரும் பிள்ளைகளுக்காகத்தான் புதிர் போட ஆரம்பித்தேன். முன்பெல்லாம் கிராஃப் நோட்டு, பென்சில், ரப்பர். ஒரு எண்ணை மாற்றினால் பாதிப் பலகையை அழிக்க வேண்டும். நாலு முறை அழித்தால் தாள் கிழிந்துவிடும். கடைசியில் நல்ல பிரதி எடுத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டும்.

இந்தத் தளத்துக்கு மூலம், ஜப்பானில் உருவான ஒரு திறந்த மூல நிரல். நூற்றுக்கும் மேற்பட்ட புதிர் வகைகள் இதில் இருக்கின்றன: ஸ்லிதர்லிங்க், நூரிகபே, மஸ்யூ, ஹெயாவாகே, ஃபிலோமினோ, சுடோகுவும்கூட. கணக்கு திறக்க வேண்டியதில்லை, காசு கொடுக்க வேண்டியதில்லை. வகையைத் தேர்ந்தெடுத்தால் வெற்றுப் பலகை வரும். நீள அகலத்தை மாற்றலாம். ஒரு பொத்தானில் அமைக்கும் நிலைக்கும் தீர்க்கும் நிலைக்கும் மாறிக்கொள்ளலாம். எண்ணை வைத்துவிட்டு உடனே தீர்ப்பவராக மாறிப் பார்ப்பது, சரியில்லை என்றால் திரும்பி வந்து எண்ணை நகர்த்துவது, இந்தப் போக்குவரத்துதான் புதிர் போடுவதில் முக்கால்வாசி வேலை. அதற்கு இந்தத் தளம் குறுக்கே நிற்பதே இல்லை.

ஒரு உதாரணத்தோடு சொன்னால் புரியும். நூரிகபேயை எடுத்துக்கொள்வோம். நிக்கோலி என்ற ஜப்பானியப் புதிர் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட வகை இது. விதிகள் எளிமையானவை. பலகையில் சில கட்டங்களில் எண் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு வெள்ளைத் தீவு. எண் எவ்வளவோ, தீவில் அத்தனை கட்டங்கள். ஒரு தீவில் ஒரே எண்தான் இருக்கலாம். இரண்டு தீவுகள் பக்கவாட்டில் தொடக்கூடாது, மூலையில் தொடலாம். மீதியெல்லாம் கறுப்புக் கடல். கடல் முழுக்க ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், ஆனால் எங்கேயும் இரண்டுக்கு இரண்டு சதுரமாகக் கறுப்பு சேரக்கூடாது.

இப்போது ஐந்துக்கு ஐந்து பலகை ஒன்றைத் திறந்து இதைப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் வரியில் இரண்டாவது கட்டத்தில் 2, நான்காவது கட்டத்தில் இன்னொரு 2. கடைசி வரியின் நடுக்கட்டத்தில் 3. மொத்தமே மூன்று எண்கள். மேல் இடது மூலையில் இருக்கும் இரண்டுக்கு இரண்டு சதுரத்தில் ஒரு வெள்ளையாவது வேண்டும். அங்கே கை எட்டுவது இடது 2 மட்டுமே, அதுவும் நேர் மேலே ஒரு கட்டம் ஏறினால்தான். அதே கதை வலப்பக்கம். கீழே இரண்டு மூலைகளுக்கும் 3 மட்டும்தான் கதி. அது இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று நீண்டே ஆக வேண்டும். புதிர் முடிந்தது. ஒரே தீர்வு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விதியைக் கற்றுக்கொடுக்க இது போதும், பார்க்கவும் இடதும் வலதும் ஒத்து அழகாக இருக்கிறது.

சரி, இப்போது இடது 2-ஐ ஒரு கட்டம் மேலே நகர்த்துங்கள். மற்ற இரண்டு எண்களும் அப்படியே இருக்கட்டும். தீர்வுப் படம் மாறவில்லை, தீர்வு ஒன்றே ஒன்றுதான் என்பதும் மாறவில்லை. ஆனால் யோசனை தலைகீழாகிவிட்டது. மேல் இடது மூலை இப்போது எதையும் சொல்லாது, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே ஒரு வெள்ளை உட்கார்ந்திருக்கிறது. அந்த 2-ன் துணைக்கட்டம் மேலேயா, இடப்பக்கமா, வலப்பக்கமா, கீழேயா என்று தெரியாது. தீர்ப்பவர் வலப்பக்க 2-ல் ஆரம்பித்தாக வேண்டும். அது மேலே ஏறும். அதனால் வலது கீழ் மூலைக்கு 3-தான் வர வேண்டும் என்றாகும். 3-க்கு மிச்சம் ஒரே கட்டம், அது இடது கீழ் மூலைக்குப் போயாக வேண்டும். அப்புறம்தான் இடப்பக்க நடுவில் ஒரு கறுப்புச் சதுரம் உருவாகப் போவது கண்ணில் படும். அதைத் தடுக்க விட்டுவைத்திருந்த 2 கீழே இறங்குகிறது. வலது மேல், வலது கீழ், இடது கீழ், இடது மேல் என்று யோசனை பலகையை ஒரு சுற்று சுற்றி வருகிறது.

ஒரு எண்ணை ஒரு கட்டம் நகர்த்தியதற்கு இவ்வளவு. கையால் போட்ட புதிர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தீர்வு ஒன்றுதானா என்பதை, அதற்கென்று எழுதிய நிரல் இருந்தால் கணினி நொடியில் சொல்லிவிடும். எந்த வரிசையில் தெரிய வர வேண்டும், எந்த இடத்தில் தீர்ப்பவர் சற்று நின்று மூச்சுவிட வேண்டும் என்பதை ஒரு ஆள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். முதல் வடிவத்தின் சமச்சீரும் அழகுதான். இரண்டில் எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் கொடுப்பேன்.

சமச்சீர் பற்றிப் பேசும்போது நிக்கோலியைச் சொல்லாமல் போக முடியாது. 1980-ல் ஒரு பத்திரிகையாக ஆரம்பித்தது. வாசகர்கள் போட்டு அனுப்பும் புதிர்களை அச்சிட்டே வளர்ந்த பத்திரிகை. அமெரிக்காவில் 1979-ல் ‘நம்பர் பிளேஸ்’ என்று வெளிவந்த ஒன்றை 1984-ல் ஜப்பானுக்குக் கொண்டுவந்து, சுடோகு என்ற பெயரோடு பரப்பியவர்கள் இவர்கள்தான். கொடுக்கப்படும் எண்கள் 32-ஐத் தாண்டக்கூடாது, அவை சமச்சீராக இருக்க வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். 2004-ல் லண்டன் டைம்ஸ் சுடோகுவை அச்சிட ஆரம்பித்தது. அது வெய்ன் கூல்ட் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி எழுதிய நிரல் உருவாக்கிய புதிர். உலகமெல்லாம் பரவியது அந்த வழியில்தான். அதனாலேயே சுடோகு என்றால் இயந்திரம் கொட்டும் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நிக்கோலியின் கைப்புதிரைத் தீர்த்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

தளத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வசதி, பகிர்வதற்குத் தரும் இணைப்பு. புதிர் முழுவதும் அந்த இணைய முகவரிக்குள்ளேயே எழுத்தும் எண்ணுமாக அடங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பினால் போதும், பிள்ளை தொட்டதும் புதிர் திறக்கும். நோட்டில் அந்த முகவரியை ஒட்டி வைத்திருந்தால் அதுவே சேமிப்பு. படமாகவும் இறக்கிக்கொள்ளலாம். போன் இல்லாத பிள்ளைகளுக்கு அதைத்தான் அச்செடுத்துக் கொடுக்கிறேன்.

அடுத்தது, சரிபார்க்கும் பொத்தான். நாம் மனதில் வைத்த விடையோடு அது ஒப்பிடுவதில்லை, விதிகளோடு ஒப்பிடுகிறது. எங்கே கறுப்புச் சதுரம் சேர்ந்துவிட்டதோ அந்தக் கட்டங்களைச் சிவப்பாகக் காட்டி, எந்த விதி மீறப்பட்டது என்று ஒரு வரியில் சொல்லும். வகுப்பில் இதற்கு மதிப்பு அதிகம். ‘தப்பு’ என்று மட்டும் சொன்னால் பிள்ளை சோர்ந்துபோகும். எந்த விதி உடைந்தது என்று தெரிந்தால் தானே திருத்தும். ஒரு ஊகத்தை வைத்துக் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்து, ஒத்துவராவிட்டால் அதுவரை செய்ததை மட்டும் கழற்றிவிடும் வசதியும் உண்டு. ஆனால் என் மன்றத்தில் அதற்கு அனுமதி இல்லை. நல்ல கைப்புதிருக்கு ஊகம் தேவைப்படக் கூடாது என்பது என் கட்சி.

குறை என்று பார்த்தால், முதலில் சொல்ல வேண்டியது: நீங்கள் போட்ட புதிருக்கு ஒரே தீர்வுதானா என்று தளம் தானாகச் சொல்லாது. இரண்டு விடை வரும் புதிரை அனுப்பினாலும் இரண்டையும் சரி என்று ஏற்றுக்கொள்ளும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். எனக்கு இதில் வருத்தம் இல்லை. தீர்வைத் தெரியாதவர்போல மறுநாள் உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் ‘ஏன்’ என்று காரணம் எழுதிக்கொண்டே தீர்த்துப் பார்ப்பேன். காரணம் எழுத முடியாத அடி வந்தால் அந்த இடத்தில் புதிர் ஓட்டை. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நிரூபணம் எழுதும் பழக்கமும் வந்துவிடும். பத்தாம் வகுப்பு வடிவியலில் திணறும் பிள்ளைகளைப் புதிர் போட வைப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, மொழி. தமிழ் இல்லை. விதி விளக்கமும் சுருக்கமான ஆங்கிலத்தில் இருப்பதால் பிள்ளைகளுக்கு நான் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மூன்றாவது, போன் திரை. பத்துக்குப் பத்து வரை விரலால் தாராளமாகத் தீர்க்கலாம். அதற்கு மேல் போனால் கட்டங்கள் சிறுத்துவிடும், ஸ்லிதர்லிங்கில் கோடு வரைய வேண்டிய இடத்தைத் தொடுவதே பாடு. பெரிய பலகைக்குக் கணினிதான் சரி.

பட்டியலில் இல்லாத விதிகளை நீங்களே கண்டுபிடிக்கிற ஆள் என்றால் பென்பா என்ற இலவசத் தளம் பொருத்தம். அதில் எதை வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் விதி தெரிந்து திருத்திச் சொல்லும் துணை அங்கே பெரும்பாலும் கிடைக்காது. முடிவில்லாமல் தீர்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு சைமன் டாதமின் புதிர்த் தொகுப்பு இருக்கிறது, அதுவும் இலவசம். அங்கே பலகைகளைக் கணினியே உருவாக்குகிறது. பழகிக்கொள்ள நல்லது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து நமக்காக யோசித்து வைத்தது என்ற உணர்வு மட்டும் வராது. போட்டிக்குத் தயாராக நினைக்கும் பிள்ளைகளுக்கு லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா தளத்தைச் சொல்கிறேன். உலக சுடோகு, புதிர் சாம்பியன்ஷிப்கள் 2017-ல் பெங்களூருவில் நடந்தன என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பஸ்.லிங்க்குக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் குறைவதற்குக் காரணம் சின்னத் திரை மட்டுமே. முதல் புதிர் போடுகிறவர்கள் ஸ்லிதர்லிங்கில் ஆரம்பிக்க வேண்டாம், எண்கள் நிறைய வைக்க வேண்டியிருக்கும். நூரிகபேயே நல்லது. முதலில் கடலையும் தீவுகளையும் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு தீவிலும் எந்தக் கட்டத்தில் எண் உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்தில் மூன்று தீவுகள் போதும்.