மூளைக்குள் இறங்கிய மெனிஞ்சியோமா: முழுதாக எடுப்பதா, கொஞ்சம் விட்டுவைப்பதா?

மெனிஞ்சியோமா என்றதும் "சாதுவான கட்டிதான், எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று ஆறுதல் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். இந்தக் கட்டி மூளையில் பிறப்பதில்லை, மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் பிறக்கிறது. நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வுகள் கிழியாதவரை, அறுவை மருத்துவர் பழத்தோலை உரிப்பதுபோல் கட்டியை மூளையிலிருந்து பிரித்துவிடுவார். ஆனால் கட்டி பையா என்ற கடைசிச் சவ்வையும் துளைத்து, நாக்கு நாக்காக மூளைத் திசுவுக்குள் இறங்கிவிட்டால் பிரிப்பதற்கு இடைவெளியே இருக்காது. அங்கே இரண்டு வழிதான்: கட்டி நுழைந்த மூளைப் புறணியில் (மூளையின் மேற்பரப்பில்) ஒரு மெல்லிய அடுக்கையும் சேர்த்து எடுப்பது, அல்லது ஒட்டிய இடத்தில் கட்டியின் படலம் ஒன்றை விட்டுவிட்டு மீதியை எடுப்பது.

முழுதாக எடுக்கச் சொல்பவர்கள் கையில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1957இல் டொனால்ட் சிம்சன் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் வெளியிட்டது. கட்டியோடு அது பிடித்திருந்த டியூராவையும் (மூளை உறையின் தடித்த வெளி அடுக்கு) கெட்டுப்போன எலும்பையும் எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்பியது. டியூராவைச் சுட்டதோடு நிறுத்தியவர்களில் 19 சதவீதம், அதுவும் செய்யாதவர்களில் 29 சதவீதம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த அளவுகோல் டியூரா பக்கத்தைத்தான் பார்க்கிறது. மூளைப் பக்கம் என்ன மிச்சமிருக்கிறது என்று அது தனியாகக் கேட்பதே இல்லை. ஊடுருவிய கட்டிக்கு இதை அப்படியே ஆதாரமாகக் காட்டும்போது எனக்குச் சற்று உறுத்தும்.

என் பார்வையில் இதை முடிவு செய்ய வேண்டியது இடம்தான். வலது முன்மூளையின் நுனிப் பகுதி என்றால் சில மில்லிமீட்டர் புறணி போவதால் பெரிய இழப்பு தெரியாது. அங்கே முழுதாக எடுப்பதே சரி. கை கால் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி, பேச்சுப் பகுதி, முக்கியமான ரத்தக்குழாய் சுற்றியிருக்கும் இடம் என்றால் கணக்கு தலைகீழ். மின்தூண்டலால் புறணியைச் சோதித்தபடி அறுவை செய்யும்போது அசைவு தென்படும் இடத்தில் கத்தியை நிறுத்திவிட வேண்டும். விட்ட படலத்தைப் பிறகு ஸ்கேனில் கண்காணிக்கலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம். போன கையசைவு திரும்பி வருமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முழுதாக எடுப்பதில் அதிகம் பேசப்படாத லாபம் ஒன்று உண்டு. மூளைத் திசுவும் சேர்ந்து வந்தால்தான் பேதாலஜிஸ்ட் (திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் மருத்துவர்) ஊடுருவலை உறுதியாகச் சொல்ல முடியும். ஓரப் பகுதி உறிஞ்சுகுழலில் போய்விட்டால் ஊடுருவல் இருந்தும் ரிப்போர்ட்டில் வராது. ரத்தக்குழாயைச் சுற்றிய இடைவெளி வழியே கட்டி பரவியிருப்பது ஊடுருவலாகக் கணக்கில் வராது என்பது இன்னொரு சிக்கல். எம்.ஆர்.ஐ.யில் கட்டியைச் சுற்றி வீக்கம் தெரிவதும், கட்டிக்கும் மூளைக்கும் நடுவே மூளைத் தண்டுவட நீரின் கோடு மறைவதும் வெறும் குறிப்புகள்தான்.

ரிப்போர்ட்டில் 'ஊடுருவல்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, மூளை ஊடுருவல் ஒன்றே போதும், கட்டி கிரேடு 2 (சாதுவான 1க்கும் மூர்க்கமான 3க்கும் நடுவே உள்ள நிலை) என்றது. 2021 பதிப்பும் அதைத் தொடர்கிறது. ஆனால் மற்ற எல்லா வகையிலும் சாதுவாக இருந்து, ஊடுருவல் மட்டும் உள்ள கட்டிகள் உண்மையிலேயே கிரேடு 2 போலத்தான் நடந்துகொள்கின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை.

அடுத்த தேர்வு இதை ஒட்டியே வருகிறது: அறுவைக்குப் பிறகு உடனே கதிர்வீச்சா, காத்திருப்பதா? கதிர்வீச்சு என்றால் மொத்தம் 54 முதல் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை, சுமார் 6 வாரம், தினமும் கொஞ்சமாக. கட்டி திரும்புவதைத் தள்ளிப்போட உதவலாம். பதிலுக்குச் சோர்வு, முடி உதிர்தல், மூளை வீக்கம், சிலருக்குப் பின்னாளில் நினைவாற்றல் குறைவு. ரிப்போர்ட்டில் ஊடுருவலோடு செல் பிரிதலும் நுண்ணோக்கியின் 10 பார்வைப் புலங்களில் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது கட்டி மிச்சமிருந்தால், கதிர்வீச்சுப் பக்கம் சாய்வேன். ஊடுருவல் மட்டுமே, முழுதாக எடுத்தாயிற்று என்றால் காத்திருப்பதில் தவறில்லை. ஒரு விதிவிலக்கு: டெர்ட் புரமோட்டர் மரபணு மாற்றமோ சிடிகேஎன்2ஏ/பி மரபணுவின் முழு இழப்போ தெரிந்தால், நுண்ணோக்கியில் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் 2021 வகைப்பாட்டின்படி அது கிரேடு 3. அப்போது காத்திருக்கும் பேச்சே இல்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. கிரேடு 2 கட்டிக்கு வழக்கமாக முதல் 5 ஆண்டுகள் 6 மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. வலிப்பு வந்திருந்தால், அதற்கான மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பது தனிக் கணக்கு. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று அதை நாமாக நிறுத்திவிடக் கூடாது.