பெரிய பாக்கெட் ஜோடிகளை எவ்வளவு அழுத்தி ஆடலாம்: ஆன்லைன் போக்கரில் நீண்டகால அனுபவம்

முதலில் கையில் கிடைக்கும் இரண்டு சீட்டும் ஏஸாக இருப்பது, அதாவது ஏஸ் ஜோடி, 221 கைக்கு (ஆட்டத்துக்கு) ஒருமுறைதான் வரும். கிங், குயின் ஜோடிகளைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 74 கைக்கு ஒன்று. அபூர்வமாக வருவதாலேயே பலர் அதை ஒளித்து ஆடப் பார்க்கிறார்கள், அல்லது என்ன நடந்தாலும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் காசு போகிறது. ஃப்ளாப்புக்கு (மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளுக்கு) முன் தயக்கமே கூடாது. ஃப்ளாப்புக்குப் பின் எவ்வளவு அழுத்துவது என்பதை ஜோடியின் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில்) எவ்வளவு இருக்கிறது, ஸ்டாக்கில் (ஒவ்வொருவர் கைவசமுள்ள தொகையில்) எவ்வளவு மிச்சம் என்பதுதான் அதை முடிவு செய்யவேண்டும்.

கீழே உள்ள எண்கள் எல்லாம் பெரிய பிளைண்டை (சீட்டு பார்க்கும் முன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; சிறிய பிளைண்ட் அதில் பாதி) 1 என்று வைத்து, 100 பிளைண்ட் ஸ்டாக்குக்குச் சொல்வது.

ஏஸ் ஜோடியை லிம்ப் செய்து (ஏற்றாமல் பிளைண்ட் அளவு மட்டும் போட்டு) பொறி வைப்பதிலிருந்து தொடங்கலாம். ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக ஏஸ் ஜோடி ஏறக்குறைய 85% ஜெயிக்கும். எதிராளிகள் நான்கு பேர் உள்ளே வந்துவிட்டால் அது 56% ஆகிவிடும். அதைவிட மோசம், யாரிடம் என்ன இருக்கும் என்ற துப்பே கிடைக்காது. எனவே முதலில் ஏற்றுபவர் நீங்கள் என்றால் 2.5 அல்லது 3. முன்னால் லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் 1 கூட்டுங்கள். யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால், அவருக்குப் பின்னால் ஆடும் இடத்தில் அதைப்போல் மூன்று மடங்கு, பிளைண்டில் உட்கார்ந்திருந்தால் நான்கு மடங்கு. ஏஸுக்கு ஓர் அளவு, மற்ற கைகளுக்கு வேறு அளவு என்று மாற்றினால், கவனிக்கிற எதிராளி ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார். ரெய்ஸ் பட்டன்களில் இந்த அளவுகளை முன்கூட்டியே பதிந்து வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

இப்போது ஒரு கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எதிராளி 2.5 ஏற்றுகிறார். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடத்தில்) உங்களிடம் கிங் ஜோடி, 8-க்கு த்ரீ-பெட் (அவர் ஏற்றியதன் மேல் மீண்டும் ஏற்றுவது). பிளைண்டுகள் விலக, அவர் கால் (அதே தொகைக்கு ஈடுகட்டுகிறார்). பாட்டில் 17.5, இருவரிடமும் மிச்சம் 92, அதாவது பாட்டைப்போல் ஐந்து மடங்கு சொச்சம். ஃப்ளாப் குயின்-7-2, மூன்றும் வேறு வேறு சின்னம். இங்கே 11 வையுங்கள். கால் வந்தால் பாட் 39.5. டர்னில் (நான்காம் பொதுச் சீட்டு) 25, பாட் 89.5. ரிவரில் (ஐந்தாம், கடைசிச் சீட்டு) மிச்சமிருக்கும் 56 முழுவதும். மூன்று தெருவிலும் (பந்தயச் சுற்றிலும்) பாட்டில் அறுபது சதவீதத்தை ஒட்டி வைத்தே முழு ஸ்டாக்கும் இயல்பாக உள்ளே போய்விடுகிறது. ஏஸ்-குயின் வைத்திருப்பவர் எந்தத் தெருவிலும் எளிதில் விலகமுடியாது. இந்தக் கையில் செக் செய்து (பந்தயம் வைக்காமல் விட்டு) நடிப்பது ஒரு தெருவின் காசை வீணாக்குவதுதான்.

அதே கிங் ஜோடி, ஆனால் த்ரீ-பெட் இல்லாத பாட். நீங்கள் 2.5 ஏற்ற, பெரிய பிளைண்ட் மட்டும் கால். பாட் 5.5, மிச்சம் 97.5. பாட்டைப்போல் கிட்டத்தட்ட 18 மடங்கு வெளியே நிற்கிறது! மூன்று தெருவிலும் முழுப் பாட் அளவு வைத்தால்கூட ஸ்டாக் உள்ளே போகாது. ஆகவே ஒருவர் அங்கே 97.5-ஐயும் தள்ளுகிறார் என்றால், ஒற்றை ஜோடியை விட வலுவானது இருப்பதாகத்தான் பெரும்பாலும் கொள்ளவேண்டும். 9-8-6, இரண்டு ஸ்பேட் மாதிரியான ஃப்ளாப்பில் பந்தயம் வைக்கலாம், ரெய்ஸ் வந்தால் ஒருமுறை காலும் செய்யலாம். ஆனால் சிறிய பந்தய மேசைகளில், அதுவரை கால் மட்டும் செய்துகொண்டிருந்தவர் டர்னில் திடீரென்று ஏற்றினால் அது பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது அதற்கு மேல். கிங்கைக் கீழே வைப்பது கசக்கும். வைத்துவிடுங்கள்.

கிங் ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் விழுவது 23%. விழுந்தால் கையை எறியவேண்டாம். ஒரு தெரு செக், மற்ற இரண்டில் சிறியதாக வைப்பது அல்லது கால் செய்வது போதும். ஃப்ளாப்புக்கு முன் ஏஸ் ஜோடிக்குப் பயந்து விலகுவது வேண்டாத பயம்: ஆறு பேர் மேசையில் மற்ற ஐவரில் ஒருவரிடம் அது இருக்க 2.5% வாய்ப்புதான்.

உண்மையான தலைவலி குயின்தான். ஏஸோ கிங்கோ ஃப்ளாப்பில் வருவது 41%. (ஜாக் ஜோடிக்கு மேலே ஒரு சீட்டு வருவது 57%, அதனால் ஜாக்கைப் பல சமயம் கால் செய்து சிறிய பாட்டாக ஆடுவதே மேல்.) குயினோடு 8-க்கு த்ரீ-பெட் செய்தீர்கள், எதிராளி 100-ஐயும் தள்ளிவிட்டார் என்று வையுங்கள். 109.5-ஐ ஜெயிக்க 92 போடவேண்டும்; அதற்கு ஏறக்குறைய 46% ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும். அவர் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் மட்டும் கொண்டு தள்ளுபவர் என்றால் உங்களுக்கு இருப்பது 40%. ஃபோல்ட், அதாவது விலகுங்கள். ஜாக், பத்து ஜோடிகளையும் அப்படித் தள்ளுபவர் என்றால் 52% ஆகிவிடும். கால். ஒரே சீட்டு, ஒரே தொகை, ஆள் மட்டும் வேறு. தள்ளாமல் 20-க்கு மட்டும் ஏற்றியிருந்தால் கூடுதலாக 12 போட 29% போதும்; அப்போது இறுக்கமானவருக்கு எதிராகவும் கால் செய்து ஃப்ளாப்பைப் பார்க்கலாம்.

எதிராளி எப்படிப்பட்டவர் என்று புள்ளிவிவரத் திரையைப் பார்த்துத் தீர்மானிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 50 கையில் கிடைத்த த்ரீ-பெட் சதவீதத்துக்கு மதிப்பே இல்லை. சில நூறு கைகளுக்குப் பிறகே அது பேசத் தொடங்கும். ஃபோர்-பெட்டுக்கு (த்ரீ-பெட்டின் மேல் மீண்டும் ஏற்றுவதற்கு) இன்னும் அதிகம் வேண்டும், அது அரிதாக நடப்பதால்.

ஒளித்து ஆடுவது சரியாகும் இடமும் உண்டு. எதிராளி 20-க்கு ஃபோர்-பெட் செய்து, உங்களிடம் ஏஸ் ஜோடி இருந்தால் வெறும் கால் போதும்: பாட் 41.5, மிச்சம் 80. இரண்டு தெருவிலேயே எல்லாம் உள்ளே போய்விடும், அவர் சும்மா மிரட்டி ஏற்றிய கைகளும் ஆட்டத்தில் தங்கும்.

டோர்னமென்டில் 15 பிளைண்டுக்குக் கீழே வந்துவிட்டால் இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை, ஜாக் ஜோடியோ அதற்கு மேலோ எதுவானாலும் தள்ளலாம். பரிசு எல்லையை ஒட்டிய சமயத்தில் மட்டும் ஜாக்கும் குயினும் ஃபோல்ட் ஆகக்கூடும். எல்லா வெற்றியாளருக்கும் ஒரே மதிப்புள்ள இடம் தரும் சாட்டிலைட்டில், உங்கள் இடம் ஏறக்குறைய உறுதியாகியிருந்தால், பெரிய ஸ்டாக் உள்ளவரின் ஆல்-இன்னுக்கு (முழு ஸ்டாக்கையும் தள்ளுவதற்கு) ஏஸ் ஜோடியைக்கூட விலக்குவது சரியான ஆட்டம்.

நாலைந்து மேசை சேர்த்து ஆடும்போது கை தானாகக் கால் பட்டனை அழுத்திவிடும். பெரிய ஜோடிகளின் இழப்பில் கணிசமான பங்கு அங்கேதான் போகிறது. டர்னில் ரெய்ஸ் வந்தால் நேர வங்கியை (யோசிக்கக் கிடைக்கும் கூடுதல் நேரத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை டிராக்கரில் (ஆடிய கைகளைப் பதிந்து வைக்கும் மென்பொருளில்) ஏஸ், கிங், குயின் ஜோடிகளை மட்டும் வடிகட்டி, டர்ன் அல்லது ரிவரில் ரெய்ஸுக்குக் கால் செய்த கைகளைத் தனியே எடுத்து, எதிராளி கடைசியில் காட்டியது ஒற்றை ஜோடியா அதற்கு மேலா என்று ஒவ்வொன்றாகக் குறித்துப் பாருங்கள்.