பரவும் விங்லெஸா, ஒட்டி நிற்கும் விங்லெஸா?

பழ ஈயின் இறக்கை உருவாவதில் விங்லெஸ் என்னும் புரதம் (செல்களுக்கிடையே சைகை கடத்தும் வின்ட் வகையைச் சேர்ந்தது) எப்படி வேலை செய்கிறது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. சுரந்த செல்லை விட்டு வெகுதூரம் பரவி, தன் செறிவின் ஏற்ற இறக்கத்தாலேயே ஒவ்வொரு செல்லுக்கும் உத்தரவிடுகிறது என்கிறது முதல் கட்சி. பக்கத்துச் செல்லைத் தொட்டாலே போதும் என்கிறது இரண்டாவது. (இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவின் கதை தொடங்கியது புது தில்லியில். இறக்கையற்ற ஈயை 1973இல் அறிவித்தவர் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். பி. சர்மா.)

முதல் கட்சியின் பலம் 1996இல் செக்கா, பாஸ்லர், ஸ்ட்ரூல் மூவரும் செய்த சோதனை. புழுப் பருவத்து இறக்கை வட்டில், அதாவது பின்னாளில் இறக்கையாகும் செல்தொகுதியில், சில செல்களை மட்டும் விங்லெஸ் சுரக்க வைத்தார்கள். தூரத்துச் செல்களிலும் டிஸ்டல்லெஸ், வெஸ்டிஜியல் ஆகிய இலக்கு மரபணுக்கள் விழித்தன. அதே புரதத்தை நியூரோடாக்டின் என்ற, செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதத்தோடு பிணைத்துவிட்டால், விளைவு அடுத்த செல்லோடு நின்றது. வழக்கு முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

2014இல் ழான்-போல் வின்சென்ட் குழு அந்தப் பிணைத்த வடிவத்தையே இயல்பான மரபணுவின் இடத்தில் வைத்தது. விங்லெஸ் பரவவே வழியில்லாத அந்த ஈக்கள் சாகவில்லை. வளர்ச்சி தாமதமானது, ஆனால் இறக்கை வடிவம் குலையாமல், ஏறக்குறைய உரிய அளவில் வந்தது. தொடக்கத்தில் இறக்கைப் பகுதி முழுவதும் விங்லெஸ் சுரக்கிறது. அது பின்னர் ஒரு கோடாகச் சுருங்கினாலும், விலகிப்போன செல்கள் முன்பு பெற்ற தூண்டுதலை மறப்பதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இரண்டு முடிவுகளும் முரண்படுவதாகச் சொல்வது அவசரம் என்பேன். புரதத்தால் தூரம் போக முடியுமா என்று கேட்டது 1996. போயே தீர வேண்டுமா என்று கேட்டது 2014. இறக்கையின் வடிவத்தைப் பொறுத்தவரை நான் இரண்டாவது கட்சியின் பக்கம். அந்தத் தாமதத்தை மட்டும் அற்பமாகத் தள்ள மனம் வரவில்லை. காட்டில் போட்டியிடும் ஈக்கு நேரமும் உயிர்தான்.

அதே ஈயின் சிறுநீரகக் குழாய்களில் நிலைமை வேறு. அங்கே புரதம் விடுபட்டுப் பரவாவிட்டால் குழாயின் நீளவாட்டு ஒழுங்கே கெடுகிறது என்று 2018இல் பீவனும் டென்ஹோமும் காட்டினார்கள். கொழுப்பு அமிலம் ஒட்டிய, நீரில் எளிதில் கரையாத இந்தப் புரதம் எப்படித்தான் நகர்கிறது? அதன் கொழுப்பு வாலைக் கிளைபிகன் என்ற செல்மேற்பரப்புப் புரதங்கள் தம் குழிக்குள் மறைத்துக்கொள்கின்றன என்பதை 2020இல் காட்டியதும் அதே வின்சென்ட் குழுதான்.