500 ரூபாய் ஃபீஸ், 14 செகண்ட் தலாக்: கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீல்

வக்கீலுக்கெல்லாம் ரிவ்யூ எழுதுவார்களா என்று கேட்காதீர்கள், மாங்கூழ் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் தோழிக்காக மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். விஷயம் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை.

பெங்களூரில் வேலை செய்யும் அவள் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். 14 செகண்ட், மூன்று முறை தலாக், அவ்வளவுதான். நாலு நாளில் ஒரு காஜி (முஸ்லிம் கல்யாணம் நடத்தி வைக்கும் மதப் பெரியவர்) கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டும் தபாலில் வந்தது. முதலில் தர்மபுரியில் ஒரு வக்கீலிடம் போனோம், "முடிஞ்சு போச்சும்மா, மஹரையும் (கல்யாணத்துக்காக மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய தொகை) நகையையும் கேட்டு வாங்குங்க" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டு 1000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது தப்பு என்பதே கிருஷ்ணகிரி வந்த பிறகுதான் தெரிந்தது.

கிருஷ்ணகிரி வக்கீலம்மா ஆபீஸ் மாடியில், படி செங்குத்து, பைக் நிறுத்த இடம் கிடையாது, ரெண்டரை மணி நேரம் ஒரே ஒரு ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ திரும்ப அவரோட வாழணும்னு நினைக்கிறியாம்மா, இல்லையா?" அதுவரை வீட்டிலோ ஜமாத்திலோ யாருமே அவளிடம் இதைக் கேட்டதில்லை, அழுதுவிட்டாள்.

அப்புறம் நிதானமாகச் சொன்னார். 2017 ஆகஸ்ட் 22 அன்று ஷாயரா பானு வழக்கில் சுப்ரீம் கோர்ட், 5 நீதிபதிகளில் 3 பேர் ஒருபக்கம் நிற்க, ஒரே மூச்சில் சொல்லும் தலாக் செல்லாது என்றது. 2019-ல் வந்த முத்தலாக் தடைச் சட்டம் வாயால் சொன்னாலும் எழுதினாலும் போனில் அனுப்பினாலும் செல்லாது என்கிறது, ஆக அவள் இன்னும் மனைவிதான். காஜி சர்டிபிகேட்டை 2017 ஜனவரியிலேயே மெட்ராஸ் ஹைகோர்ட், பதர் சயீத் வழக்கில், வெறும் அபிப்பிராயம்தான் என்று சொல்லிவிட்டதாம். இடைவெளி விட்டு முறைப்படி சொல்லும் தலாக் வேறு கதை, அதை சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு தொடவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார், இது எனக்குப் பிடித்தது.

செல்லாத வார்த்தைக்கு எதுக்கு மேடம் அந்த 2019 சட்டத்துல 3 வருஷம் வரை ஜெயில் என்று கேட்டேன். சிரித்தார். ராஜ்யசபாவில் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக 99, எதிராக 84 என்று ஓட்டு விழுந்த சண்டையே அதுதானாம்: உள்ளே போனவன் ஜீவனாம்சத்துக்கு எங்கே போவான் என்று ஒரு பக்கம், தீர்ப்புக்குப் பிறகும் நிறுத்தாதவனுக்குப் பயம் வேண்டாமா என்று இன்னொரு பக்கம். நான் வரும்போது பயம் வேண்டும் என்ற கட்சி, ஆனால் பையனோட அப்பா ஜெயிலுக்குப் போக வேண்டாம், ஸ்கூல் ஃபீஸ் கட்டினால் போதும் என்று பக்கத்தில் உட்கார்ந்து தோழியே சொல்லும்போது என்ன பேசுவது. அவளோ, ரத்த உறவோ, கல்யாண உறவோ புகார் கொடுத்தால்தான் அந்தக் கேஸே எழும், அவள் விரும்பினால் மாஜிஸ்திரேட் அனுமதியோடு சமாதானமாகவும் முடிக்கலாம், தனக்கும் பையனுக்கும் செலவுத் தொகையும் பையன் தன்னிடம் இருக்கும் உரிமையும் அதே சட்டத்தின் கீழ் கேட்கலாம் என்றார். கேட்டுவிட்டு, போலீஸுக்கு இப்போதைக்கு வேண்டாம், மாஜிஸ்திரேட்டிடம் மனு மட்டும் போடுவோம் என்று தோழியே முடிவு செய்தாள்.

ஃபீஸ் 500 வாங்கிக்கொண்டே, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் பண்ணலாம் என்றும் அவரே சொன்னார். அதற்காகவே அந்த ரெண்டரை மணி நேரத்தை மன்னிக்கலாம். ஜூனியர் மட்டும் போனில் சரியாகப் பேச மாட்டார், நேரில் போங்கள், அந்த மெசேஜை அழிக்காமல் அதே போனோடு போங்கள்.