சுவரில் ஒன்று, மூலையில் ஒன்று: எந்தச் சிலந்தியை விரட்டுவது?

இரவு குளியலறை விளக்கைப் போட்டதும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாய் ஒன்று ஒட்டியிருக்கும். நாம் அலறுவதற்குள் கதவு நிலையின் இடுக்கில் நுழைந்து மறைந்துவிடும். அதே நேரம் கூரை மூலையில், நூல் போன்ற கால்களுடன் இன்னொன்று மாதக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை யாரும் சட்டை செய்வதில்லை. துடைப்ப அடி எப்போதும் முதலாவதற்குத்தான். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

பெரிய சிலந்தி வலை பின்னுவதே இல்லை. தட்டையான உடம்பு, நண்டைப் போல் பக்கவாட்டில் விரிந்த கால்கள். இரவில் கரப்பான்பூச்சிகளைத் துரத்திப் பிடித்துத் தின்கிறது. கையில் வைத்து நசுக்கினால் கடிக்கும். வலியும் வீக்கமும் இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. ஒரே ஒரு நிலையில் மட்டும் நான் இரக்கம் காட்டுவதில்லை: வயிற்றுக்கடியில் வெள்ளைச் சட்டைப் பொத்தான் போல வட்டமாக எதையோ சுமந்துகொண்டிருந்தால், அது முட்டைப் பை. உள்ளே 200 குஞ்சுகள்கூட இருக்கலாம். அன்றே தோட்டத்துக்கு அனுப்பிவிடுவேன்.

மூலையில் தொங்குவதை அடையாளம் காண்பது எளிது. வலையை லேசாகத் தொட்டால், உடம்பே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கிடுகிடுவென்று ஆடும். கொசுவைப் பிடிக்கும், மற்றச் சிலந்திகளையும் தின்னும். ஆனால் பழைய வலையில் தூசி படிந்து ஒட்டடையாகத் தொங்கும்போது கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பது நாம்தான். இதற்கு ஒட்டடைக் கம்பே போதும். வலையை மட்டும் எடுத்தால் மறுநாளே புதிதாகப் பின்னிவிடும். ஆளையும் சேர்த்துச் சுருட்டி வெளியே உதற வேண்டும்.

ஜன்னலோரம் தாவும் குட்டிச் சிலந்தியை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது ஈ பிடித்துப் பிழைக்கிறது, பிழைக்கட்டும்.

பெரியதை வெளியேற்ற மருந்தா, டப்பாவா? மருந்து நேராக மேலே பட்டால்தான் பலன். அது ஓடுகிற ஓட்டத்தில் பாதி மருந்து துண்டிலும் பல் துலக்கும் பிரஷிலும்தான் விழும். துடைப்பத்தால் அடித்தால் ஒன்றிரண்டு காலை உதிர்த்துவிட்டுத் தப்பிவிடும். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் செருகுங்கள். சாதாரணக் காகிதம் வளைந்துவிடும். பத்திரிகை அட்டைக்குத்தான் அந்த விறைப்பு உண்டு.