பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒரு புதிய ஆல்பம்

கலிபோர்னியாவைச் சேர்ந்த டிஜே ஷேடோ 1996-இல் வெளியிட்ட 'எண்ட்ரொடியூசிங்' ஆல்பத்தை, ஹெட்ஃபோன் அணிந்து இடையில் நிறுத்தாமல் கேட்டால்தான் அதன் அருமை பிடிபடும். சாக்ரமெண்டோவின் பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் தூசி படிந்து கிடந்த தட்டுகளைத் துழாவியெடுத்து, அவற்றிலிருந்து நறுக்கிய டிரம் அடிகளையும் பியானோத் துணுக்குகளையும் அகாய் எம்பிசி60 சாம்ப்ளரின் (ஒலித்துணுக்குகளைப் பதிந்து, பொத்தானைத் தட்டி ஒலிக்கச் செய்யும் கருவி) 16 பொத்தான்களில் ஏற்றி, ஹிப்-ஹாப் தாளக்கட்டில் கோத்திருக்கிறார். முழுக்க சாம்பிள்களாலேயே, அதாவது பிற பதிவுகளிலிருந்து எடுத்த ஒலித்துணுக்குகளாலேயே, உருவான முதல் ஆல்பமென்று கின்னஸ் புத்தகம் இதைப் பதிவு செய்தது. அந்தச் சாதனையை அறியாதவருக்கும் இசை குறைவாகத் தோன்றாது.

'மிட்நைட் இன் எ பர்ஃபெக்ட் வேர்ல்ட்' பாடலில், இசையமைப்பாளர் டேவிட் ஆக்சல்ராடின் பழைய பதிவிலிருந்து எடுத்த பியானோ வரி திரும்பத் திரும்பச் சுழல, அதன் கீழே டிரம் ஒவ்வொரு சுற்றிலும் சற்றே மாறி விழுவதால், அலுப்புக்குப் பதிலாக ஏக்கமே மிஞ்சுகிறது. ஹிப்-ஹாப் ஏன் கெட்டுப்போனது என்று கேட்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த துண்டில், பணம்தான் காரணம் என்று ஒரு குரல் பதில் சொல்லிவிட்டுப் போகிறது, குறும்புதான். 'ஆர்கன் டோனர்' பாடல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதுதான் எனக்குள்ள ஒரே மனக்குறை.