குழந்தையும் நாயும்: ஸ்டாஃபோர்ட்ஷயரா, ஹம்மலா?

குழந்தையும் நாயுமாக இருக்கும் பழைய சுட்டமண் பொம்மைகளைச் சேகரிக்க நினைப்பவருக்கு முதலில் எழும் கேள்வி இது: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பொம்மையா, 20ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் ஹம்மலா?

அடையாளம் காண்பதில் ஹம்மலுக்கு நிகரில்லை. கன்னியாஸ்திரி மரியா இன்னோசென்ஷியா ஹம்மல் வரைந்த குழந்தைப் படங்களை வைத்து, பவேரியாவின் கோபெல் நிறுவனம் 1935-இல் இவற்றை வெளியிடத் தொடங்கியது. பொம்மையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். கிரீட முத்திரை என்றால் 1949 வரையிலானது. ‘வி’ எழுத்துக்குள் பெரிய தேனீ என்றால் 1950-களைச் சேர்ந்தது. கோபெல் வரிசையில் 9ஆம் எண் பொம்மையில் சிறுவன் கையில் கேக், பக்கத்தில் பங்கு கேட்டு ஏங்கும் நாய். பழைய வார்ப்புகளில் அந்தக் கேக்கில் மெழுகுவர்த்தி செருக ஒரு துளையும் உண்டு. அழகுதான். ஆனால் ஏராளமாகச் செய்து குவித்தவை. விற்கப் போனால் போட்ட பணம் திரும்புவது கடினம். நூறு வயதானால்தான் பழம்பொருள் என்ற கணக்கில் இன்னும் தேறவும் இல்லை.

ஸ்டாஃபோர்ட்ஷயரில் முத்திரையே அநேகமாக இருக்காது. கணப்படுப்பு மாடத்தில் சுவரை ஒட்டி நிற்பதற்காகச் செய்தவை என்பதால், விக்டோரியா காலத்துப் பொம்மைகள் பலவற்றுக்கு முதுகு தட்டை. குழந்தையைவிட நாய் பெரிதாக இருக்கும். ஸ்பானியல் இன நாயின் முதுகில் குழந்தை சவாரி செய்யும். ஒரே அச்சில் பிறந்த இரண்டை அருகருகே வைத்தால், புருவக் கோடு ஒன்றில் வியப்பாகவும் மற்றதில் சிணுங்கலாகவும் விழுந்திருக்கும். கையால் தீட்டியதன் இந்த உயிர்ப்பு என்னை ஒவ்வொரு முறையும் கட்டிப்போடுகிறது.

ஆபத்தும் இங்கேதான் அதிகம், போலிகள் மலிந்திருக்கின்றன. அசல், களிமண்ணை அச்சுக்குள் அழுத்திச் செய்தது. சூளையில் காற்று வெளியேற ஒரு சிறு துளை மட்டும் இருக்கும். பிற்காலப் போலிகள் பல, கரைத்த மண்ணை ஊற்றி வார்த்தவை. அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை தெரியும். மெருகில் மயிரிழை விரிசல்கள் உடம்பெல்லாம் ஒரே சீராக, பழுப்பேறி ஓடினால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். தங்கப்பூச்சு கண்ணாடிபோல் மின்னினால் அது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கோ அதற்கும் பின்னாலோ உரியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நேச நாடுகள் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த 1945-52 காலத்தில் அங்கே செய்த நகல்கள் மலிவானவை. ஆசைக்கு ஒன்று போதும்.

என் ஓட்டு ஸ்டாஃபோர்ட்ஷயருக்கே. ஐந்து ஹம்மலுக்கான பணத்தை ஒரே நல்ல அசலில் போடுவேன். உடைந்த கழுத்தை ஒட்டியிருந்தாலும் வாங்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். இருட்டில் புறஊதா விளக்கடித்துப் பாருங்கள். முகத்தில் புதுச் சாயம் தனித்துத் தெரிந்தால் வேண்டாம்.